விளிச்சொல்லும் குறியீடும்: ‘தி கிரேட் கேட்ஸ்பி’, ‘காச்சர் கோச்சர்’ ஆகிய புதினங்கள் குறித்து

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நியூயார்க்கில் வெளிவந்தது. ஆசிரியர் 1940இல் மறைந்தபோது அதன் இரண்டாம் அச்சின் படிகள் முழுமையாக விற்றுத் தீர்ந்திருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கென அச்சிடப்பட்ட சிறு பதிப்பின் வழியாகவே (ஏறத்தாழ 1,55,000 படிகள்) அந்நூல் மீண்டும் மக்களைச் சென்றடைந்தது, பின்னர்ப் பாடநூலாயிற்று. பாடநூலானதும் அதற்கு நேர்ந்தது எல்லாப் பாடநூல்களுக்கும் நேர்வதே. பச்சை விளக்கு என்றால் நம்பிக்கை, சாம்பல் நிலம் என்றால் ஏழ்மை, விளம்பரப் பலகையின் கண்கள் என்றால் கடவுள் என ஒரு சிறு அகராதி உருவாகியது. இந்தியக் கல்லூரிகளின் ஆங்கில வகுப்புகளிலும் இவ்வகராதியே வழங்கி வருகிறது. பாத்திரப் படைப்பு ஒரு வினா, குறியீடு மற்றொரு வினா எனத் தேர்வுத்தாளில் பிரிக்கப்படுவதால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் இப்பிரிவினையை ஏற்றுக்கொண்டால் குறியீடு தானே வந்துசேரும். விளக்கை விளக்கு என்றும் சாம்பலைச் சாம்பல் என்றும் எழுதுவதில் இடர் ஏதுமில்லை. வந்துசேராதது பாத்திரமே. செல்வத்தைப் பொருளாகக் கொண்ட இப்புதினத்தில் செல்வம் முதலில் மாற்றுவது வீட்டையோ உடையையோ அன்று. ஒருவரை ஒருவர் அழைக்கும் சொல்லை. இதனை நிறுவ, பெங்களூரைக் களமாகக் கொண்ட மற்றொரு செல்வப் புதினத்தையும் உடன்வைத்துக் காண்பது பயன் தரும். விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ (2013) ஸ்ரீநாத் பெரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பால் உலகெங்கும் அறியப்பட்டது, தமிழிலும் வெளிவந்துள்ளது. ஒன்று மதுக் கடத்தலால் எழுந்த மாளிகையின் கதை. மற்றது மசாலாப் பொட்டலத்தால் எழுந்த வீட்டின் கதை.

முதலில் குறியீடு பற்றி ஒரு சொல். குறியீடு என்ற கலைச்சொல் தமிழுக்குப் புதிது, அக்கருத்து புதிதன்று. தொல்காப்பியம் உள்ளுறை உவமத்தையும் இறைச்சியையும் வேறுபடுத்துகிறது. உள்ளுறையில் கருப்பொருளின் ஒவ்வோர் உறுப்பும் மாந்தர் செயலின் ஓர் உறுப்போடு பொருந்தி நிற்கும். எருமை தலைவனாகவும் மிதிபட்ட மலர் தலைவியாகவும் கொள்ளப்படலாம். இறைச்சியோ சொல்லப்பட்ட பொருளுக்குப் புறத்தே தோன்றுவது. ஒன்றுக்கு ஒன்றாக வைத்துக் காட்ட இயலாதது. உரையாசிரியர்களிடையே இவற்றின் எல்லை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு என்பது உண்மையே. எனினும் வகுப்பறை அகராதியின் பிழை யாது என்பதைச் சுட்ட இவ்வேறுபாடு போதுமானது. இறைச்சியாக நிற்கும் ஒன்றை அது உள்ளுறையாகப் படிக்கிறது.

விளம்பரப் பலகையின் கண்களை எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் டி. ஜே. எக்கிள்பர்க் என்னும் கண் மருத்துவரின் பழைய விளம்பரம் அது; முகமில்லை, மஞ்சள் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னே நீலக் கண்கள் மட்டும் உள்ளன. அவற்றைக் கடவுளின் கண்களாகக் கொள்பவர் புதின ஆசிரியர் அல்லர். மனைவியை இழந்து நிலைகுலைந்த வில்சன். அருகிலிருந்த மைக்கேலிஸ் அது வெறும் விளம்பரம் என்று அப்போதே சொல்லிவிடுகிறான். ஆகவே கண்கள் கடவுளைக் குறிக்கின்றன என்று எழுதும் மாணவன் வில்சனின் மயக்கத்தைத் தன் விடையாக எழுதுகிறான். உள்ளுறைக்கு நிலமாகும் கருப்பொருள்களிலிருந்து தெய்வத்தை விலக்கிய தொல்காப்பியரின் விதி இங்கு எதிர்பாராத வகையில் நினைவுக்கு வருகிறது. இக்குறியீடு வில்சன் என்ற பாத்திரத்தின் பேச்சில்தான் பிறக்கிறது. அவன் பேச்சு தமிழில் எவ்வாறு ஒலிக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வலிமையும் அமையும்.

நிறங்களின் நிலையும் இத்தகையதே. கேட்ஸ்பியின் கார் முதலில் பாலேட்டு நிறத்தது. விபத்துக்குப் பின் மஞ்சள் என்று சொல்லப்படுகிறது. அதே மைக்கேலிஸ் காவலரிடம் அதனை இளம்பச்சை என்று கூறிவிடுகிறான். படகுத்துறையின் விளக்கிலிருந்த பச்சை இவ்வாறு கொலைக்காரின் மீதும் ஒரு கணம் படிகிறது. பச்சைக்கு ஒரே பொருள் வைத்திருப்பவருக்கு இவ்விடம் ஆசிரியரின் கவனக்குறைவாகத் தோன்றக்கூடும். தமிழில் பச்சை என்பது நிறம் மட்டுமன்று. பக்குவப்படாமையும் ஆகும், கலப்பின்மையும் ஆகும். பச்சைப்பிள்ளை, பச்சை உடம்பு, பச்சைப்பொய் ஆகிய வழக்குகளை ஒருசேர நினைத்தால் கேட்ஸ்பியின் விளக்குக்குத் தமிழ் தானாகவே ஒரு சாயலைத் தருவது புலனாகும். மஞ்சளோ மங்கல நிறம். ஆயினும் ‘மஞ்சக் கடுதாசி’ கொடுத்தவன் என்றால் கடனைத் தீர்க்க இயலாது நொடித்தவன். திருமண அழைப்பின் மூலையிலும் திவால் அறிவிப்பிலும் ஒரே நிறத்தை வைத்திருக்கும் மொழிக்கு அந்தக் காரைப் பற்றி அடிக்குறிப்பு தேவையில்லை.

இனி விளிச்சொல். கேட்ஸ்பி எதிரிலிருப்பவரை ‘ஓல்ட் ஸ்போர்ட்’ என்று அழைக்கும் வழக்கம் உடையவன். புதினத்தில் நாற்பது முறைக்கு மேல் அச்சொல் வருகிறது. அது அவன் பிறந்த வடடகோட்டாவின் சொல் அன்று. போருக்குப் பின் ஆக்ஸ்போர்டில் சில மாதங்களே இருந்தவன், ஆங்கிலேயக் கனவான் ஒருவனின் வாயிலிருந்து எடுத்து அணிந்துகொண்ட சொல் அது. ஜேம்ஸ் கேட்ஸ் என்ற பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொண்டதும் இவ்வாறே. ‘பி’ என்னும் ஈறு டெர்பி, விட்பி முதலிய இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் வரும் பழைய நோர்ஸ் ஈறு. ஊர் அல்லது பண்ணை என்பது அதன் பொருள். நிலமே இல்லாத உழவரின் மகன் பெயரின் இறுதியில் ஓர் ஊரை ஒட்டிக்கொள்கிறான். ஆசிரியர் இதனைக் கருதினாரா என்பது வேறு. ஓசை அவ்வேலையைச் செய்கிறது. பிளாசா விடுதிக் காட்சியில் டாம் புக்கானன் அந்த விளிச்சொல்லை எங்கே பிடித்தாய் என்ற பொருளில் எரிச்சலுடன் வினவுகிறான். டெய்சி யாருக்கு உரியவள் என்ற பெரும்பூசல் முற்றுவதற்கு முன்பே, ஒரு சொல் யாருக்கு உரியது என்ற பூசல் அங்கே தொடங்கிவிடுகிறது.

இதற்குத் தமிழ் என்ன? ‘மச்சான்’ உறவைக் கொண்டுவருகிறது. கேட்ஸ்பிக்கு உறவென்று எவருமில்லை. ‘தம்பி’ வயதைக் கொண்டுவருகிறது. ‘ஐயா’ தாழ்ந்து நிற்கிறது. பெங்களூரின் தமிழில் வழங்கும் ‘குரு’, ‘மச்சா’ ஆகியவை தெருவின் நெருக்கத்தைக் காட்டுவன. தெருவிலிருந்து தப்பித்து வந்தவன் அவற்றை நாவிலும் தீண்டமாட்டான். எஞ்சுவது ‘நண்பரே’. இது மேடையிலும் கடிதத்திலும் உள்ள சொல். வீட்டுத் தமிழில் எவரும் எவரையும் இவ்வாறு அழைப்பதில்லை. அக்குறையே அதன் தகுதி எனலாம். கேட்ஸ்பியின் சொல்லும் எவருடைய வீட்டுச் சொல்லும் அன்று.

ஆயினும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றில் எல்லாப் பாத்திரங்களும் ‘நண்பரே’ தரத்துத் தமிழையே பேசுகின்றன. கூலிக்காரனும் சீமானும் ஒரே ஏட்டுநடையில் உரையாடும்போது, கேட்ஸ்பியின் ஏட்டுச்சொல் அவனுடைய பொய்யாகக் கேட்காது. மொழிபெயர்ப்பாளரின் வறட்சியாகவே கேட்கும். ‘நண்பரே’ போலியாக ஒலிக்க வேண்டுமானால் அதனைச் சூழ்ந்த பேச்செல்லாம் மெய்யாக ஒலிக்க வேண்டும். டாம் ஒரு பெருநிலக்கிழாரின் அலட்சியத்தோடு சொல்லை விழுங்கிப் பேச வேண்டும்; வில்சன் பட்டறைக்காரனின் தயக்கத்தோடு பேச வேண்டும். ஒரே ஒரு விளிச்சொல்லை மொழிபெயர்ப்பதற்குப் புதினம் முழுவதன் உரையாடலையும் பேச்சுத்தமிழில் அமைக்க வேண்டியிருக்கிறது. செலவு மிகுதிதான். வேறு வழியிருப்பதாகத் தோன்றவில்லை.

முன்னிலைப் பெயரும் இதே கணக்கில் சேரும். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைக்கு எதிரே தமிழில் நீ, நீங்கள் என இரண்டு நிற்கின்றன. டாம் வில்சனை நீ என்பான், வில்சன் டாமை நீங்கள் என்பான், இதில் ஐயமில்லை. ஐந்தாண்டுப் பிரிவுக்குப் பின் நிக்கின் வீட்டில் சந்திக்கும் கேட்ஸ்பியும் டெய்சியும் எதனைப் பயன்படுத்துவர்? நீங்கள் என்று தொடங்கி எந்த வரியில் நீ ஆவர்? மூலம் விடைதராத இவ்வினாவுக்கு மொழிபெயர்ப்பாளர் விடை தந்தே ஆகவேண்டும். அவ்விடை ஒரு திறனாய்வு முடிவு. படர்க்கையோ இன்னும் கடினம். கதைசொல்லியான நிக் கேட்ஸ்பியை அவர் என்பானா, அவன் என்பானா? அவர் என்று தொடங்கி அவன் என்று முடித்தால் தமிழ் வாசகர் அதனை நெருக்கம் என்றும் கொள்ளலாம், மதிப்பிழப்பு என்றும் கொள்ளலாம். நிக்கின் மனநிலையும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது என்பதால் இத்தெளிவின்மை குற்றமாகாது.

லிங்கராஜபுரத்தில் இப்புதினத்தைப் படிக்கும் தமிழரை எண்ணிப்பார்த்தால் மற்றொரு பக்கம் விளங்கும். பெங்களூரின் வடகிழக்கில், குக் டவுனை அடுத்து ரயில் பாதைக்கு அப்பால் அமைந்தது அப்பகுதி. கன்னடமும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் சூழத் தமிழ் அங்கே வழங்குகிறது. கன்னடத்தார் ‘தண்டு’ என்று அழைக்கும் கண்டோன்மெண்ட் 1949 வரை பெங்களூர் நகரத்தோடு இணையாத தனி ஆட்சிப்பகுதி. இடையே கப்பன் பூங்கா. ஒரே ஊருக்குள் இரு வேறு மதிப்புலகங்கள் எதிரெதிரே இருந்த நினைவு அந்நகரில் இன்னும் அழியவில்லை. ஆதலால் ஈஸ்ட் எக், வெஸ்ட் எக் என்ற இரு குடாமுனைகளின் பகை அவ்வாசகருக்குப் புரியாததன்று. ஊர்ப்பெயர்களை மட்டும் ‘முட்டை’ என்று தமிழாக்காதிருத்தல் நலம். கிறித்தவக் குடும்பங்கள் மிகுந்த அப்பகுதியில் டெய்சி அயற்பெயரும் அன்று. பக்கத்து வீட்டு அத்தையின் பெயராகவும் இருக்கலாம். மஞ்சள் நடுவும் வெள்ளை இதழும் கொண்ட மலர் என்ற பொருள் அதனால் மறைந்துவிடுகிறது. அதற்கு ஈடாகக் கதை வீட்டருகே வந்துவிடுகிறது. பச்சை விளக்கோ, ரயில் பாதையருகே வாழ்பவருக்கு முதலில் செல்லலாம் என்னும் அனுமதிக் குறியே. கேட்ஸ்பிக்குக் கிட்டாத அனுமதி அது என்ற உணர்வு மூலத்தைவிடத் தமிழில் கூர்மையாக எழக்கூடும். அவ்வூர்த் தமிழில் செல்வத்தின் அளவைச் சொல் ‘சைட்’ என்பது: முப்பதுக்கு நாற்பது சைட், மூலைச் சைட். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு அச்சொல் வேறொரு நினைப்பைத் தந்து நகைப்பூட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

‘காச்சர் கோச்சர்’ இந்நகரின் செல்வத்தை இத்தகைய சிறு அளவைகளாலேயே அளக்கிறது. சிறிய வீட்டில் எறும்புகளோடு வாழ்ந்த குடும்பம் ஒன்று, சோனா மசாலா என்னும் வணிகத்தால் நகரின் மறுபுறத்தில் பெரிய வீட்டுக்குக் குடிபெயர்கிறது. கேரளத்திலிருந்து வரும் மசாலாப் பொருள்களைச் சிறு பொட்டலங்களாக்கி விற்கும் தொழில் அது. பொருளீட்டுபவர் கதைசொல்லியின் சிற்றப்பா. குடும்பம் முழுவதும் அவரைச் சுற்றியே இயங்குகிறது. அவர் உண்ணும் நேரமே வீட்டின் நேரமாகிறது. கதைசொல்லி பெயரளவில் இயக்குநர். ஊதியம் வரும், வேலை இராது. பகற்பொழுதைக் காபி ஹவுஸில் கழித்து, வின்சென்ட் என்னும் பரிமாறுபவரின் ஓரிரு சொற்களை அருள்வாக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதே அவன் தொழில்.

கன்னட மூலத்தில் சிற்றப்பாவின் பெயர் ‘சிக்கப்ப’. அதாவது சிறிய அப்பா. பெரூர் ஆங்கிலத்தில் அவ்வுறவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். ஆங்கில வாசகருக்கு அது ஒரு பெயர், அவ்வளவே. தமிழில் ‘சித்தப்பா’ என்று எழுதியவுடன் சொல்லுக்குள்ளிருக்கும் முரண் விழித்துக்கொள்கிறது. முறையால் சிறியவர், பணத்தால் பெரியவர். அப்பாவோ முறையால் மூத்தவர். அவரது பணமும் வணிகத்தின் முதலில் சேர்ந்திருப்பதால் அவர் உயிலில் என்ன எழுதுவாரோ என்று மனைவி மக்களே அஞ்சும் நிலைக்குச் சுருங்கிப்போனவர். மூத்தவரைச் சிறியவராகவும் சிறியவரைப் பெரியவராகவும் பணம் மாற்றியபின்னும் உறவுச்சொற்கள் பழைய வரிசையிலேயே நிற்கின்றன. கேட்ஸ்பியின் உலகில் செல்வம் புதிய விளிச்சொல்லைத் தேடி அணிந்துகொள்கிறது. இக்குடும்பத்தில் பழைய விளிச்சொல்லைப் பொய்யாக்கிவிட்டு அதன் பின்னே ஒளிந்துகொள்கிறது. ஆங்கிலத்தால் காட்டவியலாத இந்நுட்பம் தமிழுக்கு எவ்வுழைப்புமின்றிக் கிடைக்கிறது. திராவிட மொழிகளுக்கிடையிலான மொழிபெயர்ப்பு எளிது என்று சொல்லி ஒதுக்குவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

எளிதல்லாததும் இந்நூலில் உண்டு. அது தலைப்பிலேயே இருக்கிறது. ‘காச்சர் கோச்சர்’ கன்னடச் சொல்லும் அன்று. கதைசொல்லியின் மனைவி அனிதாவின் பிறந்த வீட்டில் சிறுவயதில், பட்டத்து நூல் சிக்கிக்கொண்டபோது உண்டான சொல். அவ்வீட்டாரைத் தவிர எவரும் அறியாதது. தேனிலவில் அதனைக் கணவனுக்கு அவள் கற்றுத்தருகிறாள். உடைமை எதுவும் தராத நெருக்கத்தை அந்தப் பொருளற்ற சொல் தந்துவிடுகிறது. தமிழில் இதற்கு இணையான இரட்டைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: தாறுமாறு, கன்னாபின்னா, கசமுசா. ஆனால் இவை ஊரறிந்தவை. ஊரறிந்த சொல்லால் ஒரு வீட்டின் இரகசியத்தை மொழிபெயர்க்க முடியாது. ஆகவே ஒலிபெயர்ப்பே வழி. அவ்வழியிலும் தடையுண்டு. மூலத்தின் முதலொலி அதிர்வும் மூச்சும் கூடிய ககரம். தமிழ் எழுத்தில் அது வெறும் ககரமாகிறது. அறியாத வாசகர் அதனை அதிர்வின்றிப் படிப்பார். ‘காச்சர்’ என்பது பேச்சுத்தமிழின் ‘காச்சல்’ என்பதை நினைவூட்டவும் கூடும். நூல் சிக்கிய ஒலி போய்க் காய்ச்சல் வந்துவிடுகிறது.

இதே எழுத்துத் தடை ஃபிட்ஸ்ஜெரால்டிலும் ஓரிடத்தில் குறுக்கிடுகிறது. சூதாட்டத் தரகனான மேயர் வுல்ஃப்ஷைமின் உச்சரிப்பைக் காட்ட ஆசிரியர் ககரத்தை அதிர்வுடைய ககரமாக மாற்றி எழுதுகிறார். ஆக்ஸ்போர்டு என்ற பெயரும் அவன் வாயில் அவ்வாறே திரிகிறது. தமிழில் திரிபும் திரியாமையும் ஒரே எழுத்து. யூதரைப் பற்றிய அக்கால இழிநோக்கு கலந்த சித்திரிப்பு அது என்பதால் இழப்பே நல்லது என்று அமைதி கொள்வோர் உண்டு. அது சரியன்று, வாசகர் நூலின் அக்கறையை அறியும் வாய்ப்பும் உடன் மறைகிறது. ஆனால் அதற்கு ஈடாகத் தமிழின் ஏதேனும் ஒரு வட்டார வழக்கை அவன் வாயில் வைத்தால் குற்றமற்ற மற்றொரு மக்கள்திரள் ஏளனத்துக்கு உள்ளாகும். முன்னுரையில் விளக்கிவிட்டு உரையாடலில் விட்டுவிடுவதே தக்கது. (2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இப்பாத்திரத்தை ஏற்றவர் அமிதாப் பச்சன்.)

எறும்புகளுக்குத் திரும்பலாம். பழைய வீட்டில் அம்மா எறும்புகளோடு நடத்திய போர் விரிவாகவும் நகைச்சுவையாகவும் சொல்லப்படுகிறது. பின்னர்ச் சிற்றப்பாவைத் தேடி ஒரு பெண் பருப்புக்குழம்புடன் வாயிலில் வந்து நிற்கும்போது, வீட்டுப் பெண்கள் அவளை விரட்டும் விதத்தில் எறும்பு என்ற சொல் வருவதில்லை. வராமலேயே வாசகர் எறும்புகளை நினைக்கிறார். இது இறைச்சி. எறும்பு ஏழையைக் குறிக்கிறது என்று எழுதினால் அது உள்ளுறையாகத் தாழ்ந்துவிடும். மேலும் அக்குடும்பமே நேற்றுவரை ஏழ்மையில் இருந்தது என்ற கூர்மையும் போய்விடும். அப்பெண்ணை விரட்டியதை எதிர்த்துப் பேசுபவள் அனிதா ஒருத்திதான். இறுதியில் அவள் ஊரிலிருந்து திரும்பாத நேரத்தில் கதைசொல்லியின் நினைவில் எழுவது அவள் தந்த அந்தச் சொல்லே. அவளில்லாத இடத்தில் அதன் பொருளறிந்தவர் எவருமில்லை.

கேட்ஸ்பியின் விளிச்சொல்லுக்கும் இத்தகைய ஒரு பின்வாழ்வு உண்டு. மாளிகையில் விருந்துண்ட நூற்றுக்கணக்கானோரில் இறுதிச்சடங்குக்கு வர ஒருவரும் கிடைக்காமல் நிக் அலைகிறான். அப்போது கேட்ஸ்பியின் உடல் கிடக்கும் அறையிலிருந்து, தனக்காக யாரையாவது அழைத்துவருமாறு அவன் வேண்டுவதாக நிக்குக்குத் தோன்றுகிறது. அந்தக் கற்பனைக் குரலிலும் அதே விளிச்சொல் ஒலிக்கிறது. இம்முறை அதனைச் சொல்வது கேட்ஸ்பி அன்று, நிக்கின் மனம். இரவல் சொல் முதன்முறையாக ஒருவருக்கு உரிய சொல்லாகிறது. முந்தைய இடங்களில் தமிழ் நடைக்கு இடராக இருக்கிறது என்று ‘நண்பரே’ என்பதைப் பாதிக்குமேல் நீக்கிவிட்ட மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடத்தில் எழுத ஒரு சொல் இராது.